வரைபடத்தில் இல்லாத தெரு

கேள்வி: வெள்ளம், தொற்றுநோய், பசி என்று எதைப் பேசினாலும் ‘தரவும் தொழில்நுட்பமும் தீர்த்துவிடும்’ என்கிறார்கள். வெறும் எண்கள் எப்போதாவது ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கின்றனவா? நான் தரவுப் பகுப்பாய்வு படிக்கிறேன். என்னால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? – ஒரு வாசகி

பதில்: முடியும். ஆனால் எண்கள் தாமாக எதையும் செய்வதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய், இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். பெரும்பாலான சாவுகள் பிராட் தெருவின் ஒரு அடிபம்பைச் சுற்றியே இருந்தன. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, தன் கணக்குக்கு ஒத்துவராதவர்களையும் அவர் விடாமல் தேடிப் போனதுதான். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் ஏன் சாகவில்லை? அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே இல்லை. சில மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு பெண் ஏன் இறந்தார்? அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அங்கிருந்தே வரவழைத்துக் குடித்திருக்கிறார். பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார் ஸ்னோ. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது உண்மைதான், ஆனாலும் காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதற்கு அவர் சேர்த்த சான்று நிலைத்து நின்றது.

சரி, இப்போது உங்கள் விஷயம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பல தெருக்கள் இணைய வரைபடத்தில் இல்லவே இல்லை. பல நாடுகளில் இருந்த நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் சேர்க்கவும் திருத்தவும் முடிகிற இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத்தெருவாக வரைந்தார்கள், மீட்புக் குழுக்கள் அதை ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாருமே குறித்து வைக்காத தெருவுக்கு எந்த ஆம்புலன்ஸ் போகும்? எனக்கு இந்தத் துறையில் பெரிய கவலை இதுதான், கணக்கிலேயே வராத மனிதர்கள்.

கேள்வி: தரவு அதிகமாக அதிகமாக விடையும் சரியாகத்தானே இருக்கும்? – இன்னொரு வாசகர்

பதில்: இல்லை. தேடல் சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்க கூகுள் 2008-ல் ‘ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்’ தொடங்கியது. அவர்களிடம் இல்லாத தரவா? ஆனாலும் 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் காய்ச்சலோடு மருத்துவரிடம் போனவர்களின் பங்கை உண்மையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காட்டிவிட்டது, 2015-ல் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். செய்தியைப் பார்த்துப் பயந்துபோய்த் தேடுகிறவரும் காய்ச்சலில் படுத்திருக்கிறவரும் கணினிக்கு ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

முதல் கேள்வி கேட்ட வாசகிக்கு இன்னொன்று: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மனிதாபிமானக் குழு வரைய வேண்டிய பகுதிகளைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து இணையத்தில் வைத்திருக்கிறது. புதியவர்களுக்கென்று குறித்திருக்கும் ஒரு பகுதியில் ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூரை எது, அதன் நிழல் எது என்று பிரித்துப் பார்க்கவே முதலில் நேரமாகும், பரவாயில்லை, நீங்கள் வரைந்ததை அனுபவமுள்ள ஒருவர் சரிபார்ப்பார். அப்புறம் அந்த ஊரில் வாழ்கிறவர்கள் தெருவின் பெயரைச் சேர்ப்பார்கள். அது உங்களுக்கும் எனக்கும் மேலிருந்து தெரியாது.