பதில்களைப் பரிந்துரைக்கும் ஏஐ அம்சம் ஆப்பில் உண்மையிலேயே உதவுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கேள்வி: பெங்களூருவில் டெலிவரி ரைடர்களுக்கான ஆப் ஒன்றில் யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் அனுப்பும் மெசேஜுக்கு மூன்று பதில்களை ஏஐ எடுத்துத் தருகிறது. மாடலின் துல்லியம் 85%. எஸ்யூஎஸ் (பயன்படுத்த எளிதா என்று ஆட்களிடம் கேட்கும் கேள்வித்தாள்) மதிப்பெண் 100-க்கு 81. ஆனாலும் ரைடர்கள் அதைத் தொடுவதே இல்லை. எங்கே கோளாறு?

பதில்:

85, 81 இரண்டையும் ஒரே ஸ்லைடில் போட்டு மீட்டிங்கில் கைதட்டும் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டுமே நல்ல எண்கள்தான். ஆனால் மாடல் தப்பான பதிலை நீட்டும்போது ரைடருக்கு என்ன செலவாகிறது என்பது இரண்டிலும் இல்லை. முதலில் அளக்க வேண்டியது அதைத்தான்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள விநாடிகள் உதாரணத்துக்கு. உங்கள் லாகிலிருந்து (ஆப் தானே சேமிக்கும் பயன்பாட்டுப் பதிவு) எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். கையால் பதில் அடிக்க 10 விநாடி. மூன்று பரிந்துரையைப் படிக்க 2 விநாடி, தட்ட 1 விநாடி. பரிந்துரை சரியென்றால் மொத்தம் 3 விநாடியில் முடிந்தது. தப்பென்றால் படித்த 2 வீண், அடிக்க 10, ஆக 12. துல்லியம் 85% என்றால் சராசரி 4.35 விநாடி. லாபம்தான். துல்லியம் சுமார் 22%-க்குக் கீழே போனால்தான் கையால் அடிப்பதைவிட மோசமாகும்.

இதைப் பார்த்து யாராவது "அப்படியானால் தானாகவே அனுப்பிவிடலாமே" என்பார். அங்கே கணக்கு மாறும். சரியான மெசேஜ் போனால் ரைடருக்கு 0 விநாடி. தப்பான மெசேஜ் போய்விட்டால் விளக்கம் சொல்லிச் சரிசெய்ய 40 விநாடி, மறுபடி அடிக்க 10. அதே 85%-க்குச் சராசரி 7.5 விநாடி. தானாக அனுப்புவது பரிந்துரையைவிட லாபமாக வேண்டுமென்றால் துல்லியம் சுமார் 93%-ஐத் தாண்ட வேண்டும். எப்போது தானே செய்வது, எப்போது கேட்பது, எப்போது சும்மா இருப்பது என்பதை இப்படி எதிர்பார்ப்புப் பயனை (சரியாக, தப்பாகப் போகும் வாய்ப்பையும் அதன் லாப நஷ்டத்தையும் சேர்த்துப் போடும் சராசரி) வைத்து முடிவு செய்யச் சொன்னது கணினி ஆய்வாளர் எரிக் ஹார்விட்ஸின் 1999-ஆம் ஆண்டுக் கட்டுரை. இன்றைக்கும் அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. இதில் ஒரு எச்சரிக்கை: மாடல் "0.9 நம்பிக்கை" என்று சொன்ன இடங்களை மட்டும் தனியே எடுத்து, அதில் பத்துக்கு ஒன்பது உண்மையிலேயே சரியா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த 0.9-ஐ வைத்து எந்த வரம்பும் கட்டாதீர்கள்.

அடுத்து, எதோடு ஒப்பிடுகிறீர்கள்? பெரும்பாலும் "பரிந்துரை உண்டு, இல்லை" என்று இரண்டைத்தான் வைக்கிறார்கள். மூன்றாவது ஒன்று வேண்டும்: ஏஐயே இல்லாமல், இடம் மாறாத ஆறு பதில்கள். "5 நிமிஷத்தில் வருகிறேன்", "கேட்டில் இருக்கிறேன்", "எந்த மாடி?" மாதிரி. இடம் மாறாவிட்டால் விரல் தானே பழகிவிடும், படிக்கிற 2 விநாடியும் மிச்சம். 2004-ல் லியா ஃபின்ட்லேட்டரும் ஜோவானா மெக்ரெனரும் செய்த ஆய்வில், தானே வரிசை மாற்றிக்கொள்ளும் மெனுவைவிட மாறாத மெனுவில்தான் ஆட்கள் வேகமாக வேலை செய்தார்கள். ஆஃபீஸ் 2000 அதிகம் பயன்படாத மெனு வரிகளை ஒளித்துவைத்தபோது மக்கள் தேடி அலுத்ததும் இதே வகை. உங்கள் மாடல் இந்த ஆறு பதிலை ஜெயிக்கவில்லை என்றால் சர்வர் செலவுக்கு நியாயமே இல்லை. (ஏஐக்கு எதிரி என்று கமெண்டில் திட்டாதீர்கள். ஜெயித்தால் தாராளமாக வையுங்கள்.)

திரையில் இன்றே பார்க்க வேண்டிய ஒன்று. பரிந்துரை 1 விநாடி தாமதமாக வந்து, வரும்போது கீழே உள்ளதை மேலே தள்ளுகிறதா? ரைடர் 'அனுப்பு' பொத்தானைத் தட்டப்போன இடத்தில் பரிந்துரை வந்து உட்கார்ந்திருக்கும். தப்பான பதில் போய்விடும். இரண்டு முறை நடந்தால் போதும், அப்புறம் அந்தப் பக்கமே கை போகாது. பரிந்துரைக்கான இடத்தை முதலிலிருந்தே காலியாக ஒதுக்கிவையுங்கள். ஒவ்வொன்றும் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவுக்கான அலகு) உயரம் இருக்கட்டும். தட்டியதும் அனுப்பாமல் பெட்டியில் நிரப்புங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் திரும்பப் பெற 5 விநாடி கொடுங்கள்.

சோதனையை இப்படி அமைக்கலாம். மூன்று வடிவத்தையும் ஒவ்வொருவரும் பயன்படுத்துவார்கள். மூன்றுக்கு ஆறு வரிசைகள் வரும். அதனால் ஆட்கள் ஆறின் மடங்கில், 18 பேர் என்றால் வரிசைக்கு மூன்று பேர். ஒவ்வொரு வடிவத்துக்கும் 20 மெசேஜ். ஏஐ வடிவத்தில் அந்த 20-ல் 3 தப்பாக இருக்கும்படி நீங்களே எழுதிவையுங்கள், அதுதான் 85%. மூன்றில் ஒன்றாவது நம்பும்படியான தப்பாக இருக்கட்டும்: வாடிக்கையாளர் பின் கேட் என்கிறார், பரிந்துரை "முன் கேட்டில் நிற்கிறேன்" என்கிறது. எல்லோருக்கும் முதல் மெசேஜிலேயே தப்பு வராதபடி இடத்தைக் கலைத்துவிடுங்கள். ஆரம்பத்திலேயே சறுக்கினால் நம்பிக்கை அங்கேயே போய்விடும், மிச்சம் 19-ம் அந்தக் கோபத்தைத்தான் அளக்கும்.

மாடல் தயாராகவில்லை என்றால் திரைக்குப் பின்னால் ஆளை உட்காரவைத்துச் செய்யும் விசார்ட் ஆஃப் ஆஸ் முறை போதும். ஆனால் அந்த ஆள் மாடலைவிடப் புத்திசாலியாக இருக்கக்கூடாது. முன்கூட்டி எழுதிய பதில்களிலிருந்து மட்டும் அவர் எடுக்க வேண்டும். தாமதமும் எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

முடிவில் "ஏற்பு விகிதம்" என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்தாதீர்கள். நாலு கட்டம் போடுங்கள்: பரிந்துரை சரி, தப்பு, ரைடர் ஏற்றார், மறுத்தார். 18 பேருக்கு 306 சரியான தருணமும் 54 தப்பான தருணமும் கிடைக்கும். சரியானதை மறுப்பது ஒரு நோய், தப்பானதை ஏற்பது வேறு நோய். 1997-ல் பரசுராமனும் ரைலியும் தானியங்கிக் கருவிகளைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்துத்தான் பேசினார்கள். முதலாவதுக்குப் பரிந்துரையின் இடத்தையும் நேரத்தையும் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதுக்கு ரைடரைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்கவைக்க வேண்டும். ஒன்றுக்கான மருந்தை மற்றதுக்குக் கொடுத்தால் மோசமாகும்.

எஸ்யூஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 1986-ல் ஜான் ப்ரூக் செய்தது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஒரு எண், ஒற்றைப்படை வரிகள் புகழும், இரட்டைப்படை வரிகள் குறை சொல்லும். படிக்காமல் பத்துக்கும் ஒரே எண்ணை டிக் அடித்தவருக்கு, அந்த எண் 1 ஆனாலும் 5 ஆனாலும், மதிப்பெண் சரியாக 50 வரும். ஆகவே 50 வந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். மற்றபடி 81 என்பது பொதுச் சராசரியான 68-ஐவிட நல்லதுதான். உங்கள் திரை குழப்பமில்லை என்று அது சொல்கிறது. பரிந்துரையை நம்பலாமா என்று அதில் கேள்வியே கிடையாது.

ஆட்களை ஆஃபீஸ் கேன்டீனில் பிடிக்காதீர்கள். மடிவாளாவிலோ சிவாஜி நகரிலோ ஹோட்டல் வாசலில் மத்தியான ஆர்டர் ஓய்ந்த நேரத்தில் பைக்கோடு நிற்பவர்கள்தான் உங்கள் ஆட்கள். வெயிலில், ஒற்றைக் கையில், அவர்களுடைய சொந்தப் போனில் சோதியுங்கள். "கேட் ஹத்ர பன்னி" என்று கன்னடத்தை ஆங்கில எழுத்தில் அடிக்கும் வாடிக்கையாளரும், தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் ரைடரும் உங்கள் 85%-க்குள் இருந்தார்களா என்றும் கேளுங்கள். வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளக்க வேண்டாம். அந்தக் கணக்கு ஐந்து எழுத்துக்குறியை ஒரு சொல்லாக வைக்கிறது. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறி. மெசேஜுக்கு எத்தனை விநாடி என்று வையுங்கள், போதும்.

இதோடு சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் ஆர்டரை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த ரைடருக்குப் பணம் கொடுக்க, வெண்டர் பதிவு, பான் கார்டு, ரத்து செய்த செக் என்று கேட்கும் ஃபைனான்ஸ் டிபார்ட்மென்ட்கள் இந்த ஊரில் இருக்கின்றன. அதே கம்பெனி டீம் லஞ்சுக்கு யோசிக்காமல் கார்டைத் தேய்க்கும். கையில் யூபிஐயில் உடனே அனுப்ப முன்பணம் வாங்காமல் சோதனைக்குத் தேதி வைக்காதீர்கள்.

"இவ்வளவு எதற்கு, ஏபி டெஸ்ட் போட்டால் போச்சு" என்பவர்களுக்கு (நிஜ ஆப்பில் பாதிப் பேருக்கு ஒரு வடிவம், மீதிப் பேருக்கு இன்னொன்று காட்டி ஒப்பிடுவதுதான் ஏபி டெஸ்ட்): போடுங்கள், ஆனால் மெசேஜ் வாரியாகப் பிரிக்காமல் ரைடர் வாரியாகப் பிரியுங்கள். ஒரே ஆளுக்கு ஒருமுறை வந்து ஒருமுறை வராவிட்டால் பழக்கமே ஏற்படாது. முதல் வாரத்துத் தட்டல்களில் புதுமை மோகமும் சேர்ந்திருக்கும், மூன்றாவது வாரத்தைப் பாருங்கள். லாகில் காட்டியது, ஏற்றது, ஏற்றபின் திருத்தியது, திரும்பப் பெற்றது, மாடலின் நம்பிக்கை, மாடலின் வெர்ஷன் எல்லாம் நேரத்தோடு பதிவாக வேண்டும். 5% ரைடர்களுக்குப் பரிந்துரையை எப்போதுமே காட்டாதீர்கள். மற்றவர்கள் உங்கள் மாடலின் வாக்கியங்களையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அதை வைத்தே மறுபடி பயிற்சி கொடுத்தால் துல்லியம் தானாக ஏறுவதுபோலத் தெரியும். அடுத்த மாடலின் துல்லியத்தை இந்த 5% பேர் தாங்களாக அடித்த பதில்களில் அளந்து பாருங்கள்.