துணைத் தலைவர் பதவியில் சிக்கிய முடிவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேபாளத்தில் மன்னராட்சிக்கு எதிராகப் பத்தாண்டு ஆயுதம் ஏந்தியவர்கள் மாவோயிஸ்ட்டுகள். 2008 தேர்தலில் அதிக இடம் பிடித்ததும் அவர்களே. அப்புறம் முதல் குடியரசுத் தலைவராக நேபாளி காங்கிரஸின் ராம் பரண் யாதவ் எப்படி வந்தார்? எல்லாம் இந்தியாவின் வேலை என்கிறார் என் நண்பர்.

கே.

அன்புள்ள கே.,

டெல்லி கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காத்மாண்டுவில் நடந்த பேரத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

அந்தத் தேர்தலில் உருவான அரசியல் நிர்ணய சபைதான் எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போட்டது. மே 28 அன்று மன்னராட்சியை ஒழிக்க அங்கே வந்த தீர்மானத்தை எதிர்த்தவர்கள் நாலே நாலு பேர், ஆதரவு 560. ஒரு மன்னரை அனுப்புவது அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்த இடத்தில் யாரை உட்காரவைப்பது என்பதில்தான் இழுபறி. நேபாளி காங்கிரஸ் தலைவரும் பிரதமருமான கிரிஜா பிரசாத் கொய்ராலாவுக்கு ஆசை இருந்தது. மாவோயிஸ்ட்டுகள் முடியாது என்றார்கள். கடைசியில் அவர்கள் நிறுத்தியது ராம்ராஜா பிரசாத் சிங்கை. இவர் கதை தனி. குடியரசு என்ற சொல்லே குற்றமாக இருந்த காலத்தில் அதைக் கேட்டவர். 1985 காத்மாண்டு குண்டுவெடிப்புகளுக்குத் தம் அமைப்பே பொறுப்பு என்றார். உயிர்ப்பலி நடந்ததால் எனக்கு அதில் மரியாதை இல்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டபோது ஆள் நாட்டிலேயே இல்லை.

சிங், இந்திய எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளியில் வாழும் மாதேசி மக்களில் ஒருவர். அதனால் அந்த மக்களின் கட்சியான மாதேசி ஜனாதிகார் ஃபோரத்தின் ஐம்பத்துச் சொச்சம் ஓட்டும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். ஃபோரமோ துணைத் தலைவர் பதவியைத் தங்கள் பரமானந்த ஜாவுக்குக் கேட்டது. மாவோயிஸ்ட்டுகள் அதற்கு வேறொருவரை நிறுத்தினார்கள். சரி என்று ஃபோரம் காங்கிரஸ் பக்கம் தாவியது. காங்கிரஸ் நிறுத்திய யாதவும் தராய்க்காரர்தான், கல்கத்தாவில் படித்த டாக்டர்.

ஜூலை 19: யாதவ் 283, சிங் 270. தேவை 298. யாருக்கும் எட்டவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி ஓட்டு: 308க்கு 282. ஜா துணைத் தலைவரானார். இந்தியில் பதவிப் பிரமாணம் எடுத்துத் தெருவில் போராட்டத்தைக் கிளப்பினார்.

குடியரசுத் தலைவர் என்பது அலங்காரப் பதவிதானே என்று மாவோயிஸ்ட்டுகள் அப்போது தேற்றிக்கொண்டிருக்கலாம். 2009 மே மாதம், மாவோயிஸ்ட் தலைவரும் அப்போதைய பிரதமருமான பிரசண்டா ராணுவத் தளபதி கட்டவாலை நீக்கினார். அன்று இரவே யாதவிடமிருந்து தளபதிக்கு ஒரு கடிதம் போனது: பதவியில் தொடருங்கள் என்று. மறுநாள் பிரசண்டா ராஜினாமா செய்தார்.