இளஞ்சிவப்பு முட்டை யாருடையது? நத்தைக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துக் குளத்துச் சுவரில் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக ஏதோ ஒட்டியிருக்கிறது. பூஞ்சையா?

முட்டை. தென் அமெரிக்க ஆப்பிள் நத்தையுடையது. ராத்திரியில் தாய் நத்தை தண்ணீரை விட்டு ஏறி வந்து இடும். ஒரு கொத்தில் சில நூறு இருக்கும். புதிதாக இட்டது பளிச்சென்று இருக்கும், பொரிக்கும் சமயத்தில் வெளிறிவிடும். உள்ளே நரம்பைத் தாக்கும் நச்சுப் புரதம் இருப்பதால் வேறு பிராணிகள் அநேகமாகத் தொடுவதில்லை. நீங்களும் வெறுங்கையால் நசுக்க வேண்டாம்.

1980 வாக்கில் இந்த நத்தையைச் சாப்பாட்டுக்கென்று தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். சந்தையில் எடுபடவில்லை. வயலில் இறங்கி நாற்றைத் தின்றது. அப்புறம் பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று பரவியது. சிங்கப்பூரில் இதில் இரண்டு இனம் இருக்கிறது. ஓட்டைப் பார்த்துப் பிரிப்பது கடினம், மரபணுவைப் பார்த்தால்தான் உறுதி.

கேள்வி: சமூகத் தோட்டத் தொட்டியிலும் இருக்கிறது அண்ணே. என்ன செய்ய?

குச்சியால் சுரண்டித் தண்ணீருக்குள் தள்ளுங்கள். புது முட்டை மூழ்கிக் கிடந்தால் பெரும்பாலும் பொரிக்காது. பொதுக் குளமென்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஊரில் வயல் நத்தை தின்று வளர்ந்தவன் நான். அதே நத்தைதானே இது? ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

அதே நத்தை இல்லை ஐயா. நீங்கள் தின்றது பைலா என்கிற நம் ஆசிய வகை. அதன் முட்டை வெள்ளை.

அதே வாசகர்: ஓடு ஒரே மாதிரி இருக்கிறதே!

ஓட்டை விடுங்கள், ஓட்டின் வாயை அடைக்கும் மூடியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பைலாவின் மூடி உள்பக்கம் சுண்ணாம்பு ஏறிக் கல் போலிருக்கும். தென் அமெரிக்க நத்தையின் மூடி பழுப்பாக, நகம் மாதிரி வளையும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்புறம் குழப்பமே வராது. நம் வட்டாரத்துப் பைலாவைச் சிங்கப்பூரில் இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும், அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு பேசுகிறேன். இங்கே பிடித்ததைச் சமைக்காதீர்கள். சரியாக வேகாவிட்டால் நத்தைக்குள் இருக்கும் எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி நம் மூளையுறை வரை போகும்.

கேள்வி: மீன் தொட்டியில் குட்டி நத்தை பெருகிவிட்டது. மற்ற நத்தைகளைத் தின்னும் கொலைகார நத்தை வாங்கி விடலாமா?

தொட்டிக்குள் வேலை செய்யும். ஆனால் வெளியே தப்பி, தன் சொந்த எல்லைக்கு அப்பால் அது நிலைகொண்டதாக உலகில் முதலில் பதிவானதே நம் சிங்கப்பூரில்தான், 2016இல். அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, இங்கே அலங்கார மீன் வியாபாரத்தில் மட்டும் 59 வகை நத்தை, சிப்பி இருந்ததாகக் கணக்கெடுத்தது.

கேள்வி: தொட்டி மணலில் புதைந்து கிடக்கும், நீளக் கூம்பு ஓடுள்ள ஊசி நத்தையும் அந்நியம்தானா?

இல்லை. அது நம் பக்கத்தது. அமெரிக்கா போன்ற இடங்களில்தான் அது அந்நியம்.

கேள்வி: வேண்டாத நத்தையை லோங்காங்கில், அதாவது வடிகாலில், விடலாமா?

கூடாது.

கேள்வி: விசாக தினத்துக்குப் புண்ணியமாக நீர்த்தேக்கத்தில் விட்டால்?

மறுபடியும் சொல்கிறேன்: கூடாது. விட்டால் சட்டப்படியும் குற்றம். ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சமயத்தில் தொண்டூழியர்கள் கரையில் நின்று இதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் எங்கே போடுவது?

பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் வையுங்கள். அப்புறம் குப்பையில். கழித்த பாசியையும் அதே பையில் போடுங்கள், தொட்டியின் சிறு நத்தைகளுடைய முட்டை அதில் ஒட்டியிருக்கும்.