ஒளிப்படக் காப்பாட்சியர் ஆவது எப்படி?

கேள்வி: விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறேன். படம் எடுப்பதைவிட, பிறர் எடுத்த படங்களைப் பார்ப்பதிலும் வரிசைப்படுத்துவதிலும்தான் மனம் செல்கிறது. அருங்காட்சியகம் ஒன்றில் தற்கால ஒளிப்படங்களைத் தேர்ந்து, காத்து, காட்சிப்படுத்தும் காப்பாட்சியராக (curator) விரும்புகிறேன். சிறந்த ஒளிப்படக் கலைஞராக இல்லாமல் இது சாத்தியமா? - வாசகி, மதுரை

பதில்: நிச்சயமாகச் சாத்தியம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1940இல் ஒளிப்படத் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் காப்பாட்சியரான போமான்ட் நியூஹால், கலை வரலாறு படித்து அங்கேயே நூலகராக இருந்தவர். 1962இல் அத்துறையை ஏற்ற ஜான் சார்கோவ்ஸ்கியோ தேர்ந்த ஒளிப்படக் கலைஞர். இருவருக்கும் பொதுவாக இருந்தது எழுத்து. வண்ணப்படம் விளம்பரத்துக்கே உரியது என்ற எண்ணம் வேரூன்றியிருந்த 1976இல், வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களைச் சார்கோவ்ஸ்கி தனிக் காட்சியாக வைத்தார். விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். அப்படங்கள் ஏன் முக்கியமானவை என்று அவர் எழுதிய கட்டுரை இன்றும் வாசிக்கப்படுகிறது. ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தைத் தெளிவாக எழுதத் தெரியாதவர் இப்பணியில் நிலைக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, படத்தை ஒரு பொருளாகவும் பார்க்கும் பழக்கம். 1970களில் எடுத்த வண்ணப்படம் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பட்டுப்புடவையின் பச்சை மங்கி, முகங்களிலும் சுவரிலும் செம்மை படர்ந்திருக்கலாம். ஆல்பத்தின் இருட்டுக்குள்ளேயே நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றுக்கு முன் வெளிறியதன் விளைவு அது. புகழ்பெற்ற கலைஞர்களின் பல வண்ண அச்சுகளுக்கும் இதே வேதியியல்தான். அதனால்தான் அருங்காட்சியகங்கள் அவற்றைக் குளிரறையில் வைத்து, மங்கிய ஒளியில் சில மாதங்கள் மட்டுமே காட்சிப்படுத்துகின்றன. காப்பாட்சியர் என்ற நம் சொல்லிலேயே காத்தல் முதலில் நிற்கிறது.

தற்காலக் கலைஞர் உயிருடன் இருப்பதால் சிக்கல் கூடுகிறது. நிறம் மங்கிய அச்சுக்குப் பதிலாகப் புதிதாக அச்சிட்டுத் தர அவர் முன்வரலாம். ஆனால் பழைய தாள் இப்போது தயாரிப்பிலேயே இல்லை என்றால், புதிய அச்சு அதே படைப்பாகுமா? ஐந்து பிரதிகள் மட்டும் என்று விற்கப்பட்ட படத்துக்கு இது ஆறாவது பிரதியாகிவிடாதா? பழைய அச்சை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? இவற்றையெல்லாம் கலைஞருடன் பேசி, வாங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது உங்கள் பொறுப்பாக இருக்கும்.

படிப்பு என்று கேட்டால், கலை வரலாறு, அருங்காட்சியகவியல் இரண்டுக்கும் துறைகள் உள்ள வடோதரா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தை முதலில் சொல்வேன். நம் நாட்டில் இப்பணியிடங்கள் மிகக் குறைவு. அதை மறைத்து உங்களை ஊக்கப்படுத்த விரும்பவில்லை. 2023இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பெங்களூரு கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகம், 2016இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட பினாலே என்ற ஈராண்டு ஒளிப்பட விழா, தமிழக ஸ்டுடியோ படங்களைத் திரட்டி ஆவணப்படுத்திய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றின் பணிகளை உன்னிப்பாகக் கவனித்துவாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன், இன்று படம் எடுத்துவரும் ஒருவரின் பத்துப் படங்களை அவருடைய அனுமதியுடன் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் நூறு சொற்கள் எழுதுங்கள். அச்சின் அளவு, தாள், பின்புறக் குறிப்பு ஆகியவற்றையும் பதிவுசெய்யுங்கள். விண்ணப்பத்துடன் அந்தக் கோப்பை இணைத்து அனுப்புங்கள்.