ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஜிம்முக்குப் போகலாமா?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 34. இரண்டு வருடம் முன்பு அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தவர். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 1.2. ஜிம்மில் சேர ஆசை, பொங்கலுக்கு ஊர்க் கபடியில் இறங்கவும் ஆசை. வேகமாக நடந்தாலே அம்மா பதறுகிறாராம்.

தாராளமாகச் சேருங்கள் தம்பி. உடற்பயிற்சியால் சிறுநீரகம் தேய்ந்துபோகாது. ஒன்றைக் கொடுத்தபின் மற்றது கொஞ்சம் பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து பார்த்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பார்த்துவிடும். தானம் கொடுத்த ஆண்களிடம் 1.2 என்பது நாங்கள் அடிக்கடி பார்க்கிற அளவுதான். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பிரஷரும் சர்க்கரையும் அண்டாமலிருக்க உங்களுக்குப் பயிற்சி அவசியம்.

எனக்குப் பயமெல்லாம் வலி மாத்திரையை நினைத்துத்தான். முதல் நாள் ஜிம்மில் உட்கார்ந்து எழுந்துவிட்டு, மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்கண்ணே" என்றால், அட்டையிலிருந்து வெட்டிய நாலைந்து மாத்திரையைச் சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். பெரும்பாலும் அதில் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ இருக்கும். வியர்த்து உடம்பில் நீர் வற்றும்போது, சிறுநீரகம் தன் ரத்தக்குழாயை விரித்துத் தனக்கு வேண்டிய ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. இந்த மாத்திரைகள் அதைச் செய்ய விடாது. ஆற்றில் தண்ணீர் குறைந்த நேரத்தில் மதகையும் இறக்கிவிட்டால் கடைமடைக்கு என்ன போய்ச் சேரும்? வலித்தால் பாராசிட்டமால், அதுவும் அளவாக. இல்லையென்றால் இரண்டு நாள் ஓய்வு.

எடையை வாரம் வாரமாகக் கூட்டுங்கள். பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் பிழிந்தெடுத்தால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

சித்திரை, வைகாசியில் பாமணி ஆற்றங்கரை ஓட்டமெல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடியட்டும். ஓடுமுன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. தண்ணீரோ மோரோ நீராகாரமோ, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருக்கும் நாளில் ஜிம் வேண்டாம்.

தசை ஏற்ற விற்கிற புரோட்டீன் பவுடர், கிரியேட்டின் டப்பாக்களை உங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சரி, கபடி. விளையாட்டில் சிறுநீரகம் அடிபடுவது அபூர்வம்தான். பைக்கிலிருந்து விழுந்து அடிபடுவதுதான் அதிகம். ஆனாலும் நாலு பேர் மேலே விழுந்து அமுக்கும் ஆட்டம் உங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. வாலிபால் ஆடுங்கள். கபடிக்குப் பிள்ளைகளைப் பழக்கிவிடுங்கள், களத்தை விட்டு விலக வேண்டியதில்லை.

வருடம் ஒருமுறை பிரஷர், கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், மூன்றையும் பாருங்கள். டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் கடும் பயிற்சி வேண்டாம், அளவு தற்காலிகமாக ஏறிக் காட்டும். அப்புறம் அம்மா மறுபடி பதறுவார்.