தப்பை உடனே சொல்லலாமா? கேள்வி பதில்

டென்னிஸ் பயிற்சியாளர்: ஒவ்வொரு சர்வீஸையும் திருத்துகிறேன். என் முன்னால் நன்றாகப் போடும் மாணவன் போட்டியில் சொதப்புகிறானே?

திருத்துவது நீங்கள்தான், போட்டியில் நீங்கள் இல்லை, அவ்வளவுதான். 1990-ல் வின்ஸ்டீன், ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கையசைவைக் கற்றுக்கொடுத்து, சிலருக்கு ஒவ்வொரு முயற்சியின் முடிவையும் சொன்னார்கள், சிலருக்குப் பாதி முயற்சிகளின் முடிவை மட்டும், அதுவும் போகப்போகக் குறைத்து. பயிற்சியில் பெரிய வித்தியாசமில்லை. மறுநாள் எதுவும் சொல்லாமல் செய்யச் சொன்னபோது பாதி கேட்டவர்கள்தான் முந்தினார்கள். மட்டையில் பந்து பட்ட சத்தம், தோளின் இழுப்பு, எல்லாமே அவனுக்குச் செய்திதான். உங்கள் குரல் முந்திக்கொண்டால் அதையெல்லாம் அவன் கேட்கவே மாட்டான். பந்து விழுந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், "எங்கே தப்பியது?" என்று கேளுங்கள். "பந்தைத் தாழ்வாகத் தூக்கிட்டேன்" என்று அவனே சொன்னால் நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

கீபோர்டு கற்பவர்: எந்த ஆப் நல்லது?

என் துறை இல்லை.

புது மேலாளர்: பாராட்டிக்கொண்டே இருந்தால் போதாதா?

போதாது. க்ளூகரும் டிநிசியும் 1996-ல் பழைய ஆய்வுகளிலிருந்து 607 முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் உதவியது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முடிவுகளில் திறன் குறைந்திருந்தது. "நீ கெட்டிக்காரன்" என்றதும் கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் போய்விடுகிறது.

இன்னொருவர்: தப்பை உடனுக்குடன் சொல்வதுதானே நல்லது?

மேலே முதல் பதில். தயவுசெய்து படித்துவிட்டு வாருங்கள்.

குழுத் தலைவர்: தனித்தனி மதிப்பெண்ணா, குழுவுக்கு ஒன்றா?

எதைக் காட்டுகிறீர்களோ அதன் பின்னால்தான் உழைப்பு போகும். தனி மதிப்பெண் மட்டும் கொடுத்தால் பக்கத்து ஆள் திணறுவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குழு மதிப்பெண் மட்டும் என்றால் சிலர் ஒளிந்துகொள்வார்கள். இரண்டையும் கொடுத்தால் இரண்டும் கிடைத்துவிடாது, ஆளுக்கு இருக்கிற கவனம் ஒன்றுதான். குழுவாகச் செய்கிற வேலை என்றால் நான் குழுவின் முடிவை முதலில் காட்டுவேன்.

மருத்துவ மாணவர்: நோயாளி மேல் கத்தி வைத்திருப்பவனிடமும் மூன்று எண்ணுவீர்களா?

மாட்டேன், கையைப் பிடித்து நிறுத்துவேன். அது பாதுகாப்பு, பாடம் இல்லை.

அதே மாணவர்: அப்போ உங்கள் விதி உடைந்துவிட்டதே?

எங்கே உடைந்தது? பொம்மையில் பழகும்போது எண்ணுங்கள் என்கிறேன்! ஒன்றுமே தெரியாத முதல் வாரத்தில் நிறையச் சொல்லத்தான் வேண்டும், இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் குறையுங்கள்.

வேறொருவர்: உடனே சொன்னால்...

முதல் பதில்!