டொர்னாடோ, வெள்ளத்துக்குப் பிறகு அமெரிக்க சர்ச்சுகளுக்கு என்ன வேலை?

அரசு உதவி இருக்கும்போது சர்ச்சுகள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாடும் போர்வையும் முதல் வாரத்தோடு சரி. பெரிய வேலை, கேமராக்கள் கிளம்பிய பிறகுதான் தொடங்குகிறது. சேற்றை அள்ளி, ஊறிப்போன ஜிப்சம் சுவரை அறுத்தெடுத்து, மரச்சட்டம் காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும்.

அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமா தரும் பணம் அடிப்படைப் பழுதுக்குத்தான். வீட்டைப் பழையபடி ஆக்க அது போதாது. காப்பீடு இல்லாத முதியவர்கள் அங்கேதான் சிக்கித் தவிக்கிறார்கள். அவர்களுக்காகவே உள்ளூரில் சர்ச்சுகளும் சேர்ந்த நீண்டகால மீட்புக் குழு அமைகிறது. பாதிக்கப்பட்டவர்களின் தேவையைக் கவனிக்கும் கேஸ் மேனேஜர் ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் எடுத்துச் சொல்ல, ஒரு சபை பணம் தரும், இன்னொன்று மரம் வாங்கும். மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1950-இல் உருவாக்கிய மென்னோனைட் டிசாஸ்டர் சர்வீஸ் போன்ற அமைப்புகள் தன்னார்வலர்களை அனுப்பி வீட்டையே கட்டித் தரும். இது வருடக்கணக்கில் நடக்கும். தயவுசெய்து பழைய துணி அனுப்பாதீர்கள், பணமாகக் கொடுங்கள்.